என் கண்ணுக்காக வேண்டிய தீச்சட்டி

"மறுபடியும் வளந்திருச்சேம்மா" என்றார் டாக்டர்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் இருட்டறை. தாடையை ஒரு இரும்புத் தாங்கலில் வைத்திருந்தேன். வலது கண்ணுக்கு நேராகக் கூசும் வெளிச்சம். இமையை விரலால் தூக்கிப் பிடித்தபடி டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சில் ஏலக்காய் வாசனை அடித்தது. அவ்வளவு கிட்டத்தில் ஓர் அந்நிய ஆணின் முகம் இருந்தும் எனக்குக் கூச்சம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"சதையை எடுத்து ஒரு வருஷம்கூட ஆகலையே. வெயில்ல அலைஞ்சீங்களா?"

"என் வேலையே வெயில்லதான் சார்."

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டீங்கல்ல?"

"என்ன கண்ணாடி சார்?"

டாக்டர் கருவியை அணைத்துவிட்டு அறை விளக்கைப் போட்டார். "புகையில நின்னீங்களா? நெருப்பு அனல், அடுப்புப் புகை, அந்த மாதிரி?"

"பங்குனியில தீச்சட்டி எடுத்தேன் சார். கட்டுப் பிரிச்சு ரெண்டு வாரத்துல."

அவர் என்னை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?"

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பெரிய எழுத்திலிருந்து கீழே பொடி எழுத்து வரைக்கும் ஒரு தடவை பார்த்து முடித்தார். மறுபடியும் மேலே போனார்.

சினிமா ஆசை இல்லை, ஐயா

சென்ற வாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் பழைய படம் ஒன்று வந்தது. கல்லல் ரயில் நிலையத்தின் முன்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறேன். அதைப் பார்த்த வாசகர் ஒருவர், "அந்தக் காலத்திலேயே அம்மாவுக்குச் சினிமா ஆசை இருந்திருக்கிறது போல" என்று கேலி செய்திருக்கிறார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

என் இடது கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்துவிட்டது. அம்மை போட்டிருந்த சமயம். வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது. படித்தது, தேறியது, வேலைக்குப் போனது எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான். மற்றவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். எனக்கு அந்த வசதி இல்லை.

வேலை கிராம சேவிகா வேலை. ஊராட்சி ஒன்றியத்தில் எங்களைப் போலச் சில பெண்கள் இருந்தோம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, குழந்தைக்கு என்ன கொடுப்பது, கிணற்றடியில் காய்கறிச்செடி போடுவது எப்படி என்றெல்லாம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் அலைந்தது புகையில்லா அடுப்புக்காக. களிமண்ணில் அடுப்பைக் கட்டி, கூரை வழியாகக் குழாய் விட்டால் புகை வெளியே போய்விடும்.

"புகை இல்லாட்டி வீட்டுக்குள்ள பூச்சி பொட்டு சேருமே சேவிகாம்மா" என்பார்கள்.

"பூச்சி சேந்தா அடிச்சுக்கிரலாம். கண்ணு போச்சுன்னா எங்குட்டுப் போயி வாங்குவீக?" என்பேன்.

சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

சதை

கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டில் அப்படி அடுப்பு போட்டுக்கொண்டிருந்தபோதுதான், மண் குழைத்துக் கொடுத்த பெண் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க கண்ணுக்குள்ள என்னமோ செவப்பா ஏறி நிக்கிதே?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மூக்கை ஒட்டிய வெள்ளை விழியில், முக்கோணமாக, ரத்த நரம்பு ஓடிய மெல்லிய சதை. அதன் கூர்முனை கருவிழியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. உறுத்தல் ஒரு வருஷமாகவே இருந்தது. கண்மாய்க்கரையில் நடக்கும்போது புழுதி விழுந்திருக்கும் என்று தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மேலே இருந்து அடிப்பது பாதி. செம்மண் பொட்டலிலும் வற்றிய கண்மாயிலும் பட்டுக் கீழே இருந்து ஏறுவது மீதி. தலையில் முந்தானையைப் போட்டால் மேலே இருந்து வருவது நிற்கும், கீழே இருந்து வருவதற்கு என்ன செய்வது?

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினேன். குளிர்ச்சியாக இருந்தது, சதை அப்படியே இருந்தது. பிள்ளை பெற்றவளின் பாலைச் சொட்டுவிடச் சொன்னார்கள், விட்டேன். காரைக்குடிச் சந்தையில் ஒருவன் அருகம்புல்லால் கண் சதையை எடுத்துக் கையில் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடமும் அழைத்துப் போகப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் நான் அசையவில்லை.

சதை அசைந்தது. மெதுவாகக் கருவிழிக்குள் ஏறியது. படிக்கும்போது எழுத்துக்கு நிழல் விழ ஆரம்பித்தது. தெருவிளக்கைப் பார்த்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. நடுவில் இருக்கும் கண்பாப்பா வரைக்கும் வந்துவிட்டால் பார்வையையே மறைத்துவிடும் என்று காரைக்குடி டாக்டர் சொல்லி மதுரைக்கு அனுப்பினார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாதி எனக்கு, நாற்காலி அவருக்கு

மதுரையில் அந்த முதல் தடவை நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

டாக்டர் நல்லவர், கைராசிக்காரர், அதில் குறை இல்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கு முக்காலி. "எத்தனை நாளா இருக்கு?" என்று அவரிடம் கேட்டார்கள். "ராத்திரியில வலி உண்டா?" அதையும் அவரிடம்தான் கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டு, நான் சொன்னதை டாக்டரிடம் சொன்னார். ஏதோ நான் சீன தேசத்திலிருந்து வந்தவள் மாதிரி, நடுவில் ஒரு ஆள். ஐந்நூறு பெண்களுக்கு முன்னால் நின்று பேசுகிற கிராம சேவிகா நான். அந்த அறையில் எனக்கு வாய் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

மாசி மாதம் ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை. சுரண்டுவது மட்டும் தெரிந்தது. சட்டியின் அடிப்பிடிப்பைச் சுரண்டுவது போன்ற அந்தச் சத்தம் நெற்றிக்குள் கேட்டது. சதையை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தானாக ஆறட்டும் என்று விட்டுவிடுவது அன்றைய வழக்கம்.

கட்டுப் பிரித்த அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவரிடம் கேட்டேன்.

"என்ன சொன்னாக?"

"சொட்டு மருந்து விடணுமாம். வேறொண்ணும் இல்ல."

வேறொன்றும் இல்லை என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். கண் என்னுடையது. அதைப் பற்றிய பேச்சு மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது.

காப்புக் கட்டியாச்சு

மானகிரிப் பக்கம்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். பங்குனியில் எங்கள் அம்மனுக்குத் திருவிழா. மதுரையிலிருந்து வந்து இறங்கிய அன்றே என் மாமியார் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஒங்கண்ணு நல்லாயிட்டா நீ தீச்சட்டி எடுப்பேன்னு ஆத்தாளுக்கு நேந்திருக்கேன்த்தா. நல்லாயிருச்சு. இந்த வருசமே எடுத்துரு."

அத்தை கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது அநியாயம். நான் மதுரையில் கிடந்த அத்தனை நாளும் அவர் ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டிருக்கிறார். வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போட்டிருக்கிறார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்பு இருப்பவர்கள் அடுத்தவர் உடம்பைத் தூக்கிச் சாமிக்கு வாக்குக் கொடுத்துவிடலாம் என்று யார் சட்டம் போட்டது, அதுதான் எனக்குப் புரியவில்லை. வேண்டுவது ஒருவர், சட்டி தூக்குவது இன்னொருவர். எங்கள் பக்கத்தில் இது ரொம்பச் சாதாரணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையை மொட்டையடிப்பதாக வேண்டுவார்கள். மருமகளுக்கு நோவு வந்தால் மருமகள் தீ எடுப்பதாக வேண்டுவார்கள். வேண்டுபவரின் கையில் ஒரு பொறிகூடப் படாது.

"அறுத்த கண்ணு அத்தை. இப்பத்தான் கட்டே பிரிச்சிருக்கு" என்றேன்.

"ஆத்தா காரியத்துல கண்ணுக்கு என்ன ஆயிரும்? அவ குடுத்த கண்ணுதான?"

அன்று மாலை என் வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்தேன். அவர் காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாதவர். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதாக ஊரில் யாரும் கேட்டதில்லை.

"புகை, அனல் பத்தி டாக்டர் ஏதாச்சும் சொன்னாகளா? நெசமாச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒருநாள் பொழுதுதான சிவகாமி. எடுத்துரு. அம்மாவுக்கு மனசு ஆறும்."

காப்புக் கட்டிவிட்டார்கள். கட்டிய பிறகு பின்வாங்குவது என்ற பேச்சே கிடையாது. மஞ்சள் சேலை, ஈர உடம்பு, செருப்பில்லாத கால், கையில் வேப்பிலைக் கொத்தின் மேல் சட்டி. சட்டிக்குள் கட்டை எரிகிறது. அணையவிடாமல் வழி நெடுக எண்ணெயும் சாம்பிராணியும் போட்டுக்கொண்டே வருவார்கள். கோயில்வரைக்கும் காற்று எதிர்முகமாக அடித்தது. புகை முழுக்க என் முகத்துக்கு. கையை எடுத்துக் கண்ணை மறைக்கவும் முடியாது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. முன்னால் போகிற மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலில் சட்டியை இறக்கியபோது என் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கூடி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா கண்ணுல எறங்கியிருக்கா, பாருங்கடி" என்றாள் ஒருத்தி.

ஆத்தா இறங்கியிருந்தால் எரிச்சலைக் குறைத்திருப்பாள். ஒரு வாரம் நான் இருட்டில் கிடந்தேன். ஆவணி வாக்கில் அதே இடத்தில், முன்பைவிடத் தடிப்பாக, சதை முளைத்து வந்துவிட்டது. ஊர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது. மதுரைக் கத்தி பட்டதால்தான் சதைக்கு வெறி வந்துவிட்டதாம்.

மறுபடி அந்த அறை

எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் வருவோம்.

"சொல்லுங்க. என்ன சொன்னேன்?" என்றார் டாக்டர் மறுபடியும்.

"மூணு மாசத்துக்கு வெயில் ஆகாது, புகை ஆகாதுன்னீக. கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னீக."

"அப்புறம்?"

"அதுக்கு முந்தியே அம்மா நேந்துட்டாக சார். சொன்னா வீட்டுல சண்டை வரும்."

இத்தனை மாதமாக அவருக்குத் தெரியும். கண்ணாடியில் சதை மறுபடி ஏறுவதைத் தினம் தினம் பார்த்து நான் அழுதபோது தெரியும். அத்தை மறுபடியும் நந்தியாவட்டைப் பூவைக் கட்டிவிட்டபோது தெரியும். வீட்டில் சண்டை வரக்கூடாது என்பதற்காக, என்னிடம் இருந்த ஒரே கண்ணைப் பணயம் வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார். அவரை அடித்துவிடலாம் என்று இருந்தது. ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால் அடித்திருப்பேனோ என்னவோ.

டாக்டர் நியாயமான மனிதர். "புகையாலதான் வளந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்தச் சதையை எடுக்கிறது சுலபம், திரும்ப வராம பாக்கிறதுதான் கஷ்டம். எல்லாம் ஒழுங்கா இருந்தும் சிலருக்கு வருது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டுக்காரர் பல வருஷம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "டாக்டரே சொல்லிட்டாரே, சும்மாவும் வரும்னு" என்பார். வரலாம். அப்படி வந்திருந்தால் அது என் விதி என்று விட்டிருப்பேன். எனக்குச் சேர வேண்டிய ஒரு வாய்ப்பை என்னைக் கேட்காமல் எடுத்துத் தெருப்புகையில் போட்டார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

நான் முக்காலியிலிருந்து எழுந்தேன்.

"சார், இனிமே எது சொல்றதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. அறுக்கிறது என் கண்ணை. இவுக வெளிய இருக்கட்டும்."

டாக்டர் என் வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போன தடவை அவருக்குப் போட்ட நாற்காலியை எனக்குக் காட்டினார்.

இரண்டாம் தடவை வெறுமனே சுரண்டி எடுத்தால் போதாது என்றார். மேல் இமைக்கு அடியில், வெயிலே படாத இடத்திலிருந்து மெல்லிய சவ்வைக் கொஞ்சம் எடுத்து, சதையை வெட்டிய இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைப்பதாகச் சொன்னார். அந்த ஒட்டு பிடித்துக்கொண்டால் சதை மறுபடி ஏறுவதற்கு வழி அடைபடும். இன்று பல ஆஸ்பத்திரிகளில் இது சர்வசாதாரணம். அன்று அந்த வேலையைச் செய்தவர்கள் குறைவு.

ஐப்பசி மழையில் ஆபரேஷன் நடந்தது. தையல் உறுத்திய நாட்களில், கண்ணுக்குள் யாரோ மணலைக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. சொட்டு மருந்து எப்போது, எதுவரைக்கும், எப்போது குறைப்பது என்று அத்தனையும் நானே கேட்டு வைத்துக்கொண்டேன். மதுரையிலேயே கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். வேலைக்குத் திரும்பியபோது ஊருக்கு ஊர் விசில் அடித்தார்கள். கல்லல் கடைத்தெருவில் ஒரு பெரிய மனிதர், "புருஷன் உசுரோட இருக்கையில பொம்பளைக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?" என்று என் காதுபடக் கேட்டார். புருஷனுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் கழற்றவில்லை. சென்ற வாரம் நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது.

ஒட்டு பிடித்துக்கொண்டது. இதை எழுதுவதும் அந்தக் கண்ணை வைத்துத்தான்.

யாரைக் கேட்டு நேந்தீக?

அடுத்த பங்குனிக்கு முன்னால் அத்தை மெதுவாக ஆரம்பித்தார்.

"ரெண்டாம் வாட்டியும் நீ தீச்சட்டி எடுப்பேன்னு நேந்துருக்கேன்த்தா. ஆத்தா கைவிடலை பாரு."

"யாரைக் கேட்டு நேந்தீக?"

"இது என்னடி கேள்வி? சாமிக்கு நேரும்போது யாரைக் கேக்கணும்?"

"சட்டியத் தூக்குறவளைக் கேக்கணும் அத்தை. ஆத்தா மேல எனக்குக் கோவம் இல்ல. நேந்தவுக எடுக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்."

அத்தைக்கு மூட்டுவலி. வீட்டுக்குள் நடக்கவே சுவரைப் பிடிப்பார். தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று அழுதார், என்னோடு பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டையும் நிறுத்தினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து புத்தி சொன்னார்கள். படித்த திமிர் என்றார்கள். எனக்கும் உள்ளே உதறல்தான். வாய் மட்டும் மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

காப்புக் கட்டும் நாளன்று என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அம்மா, நான் எடுக்கிறேன்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

எடுத்தார். நான் புகை வராத பக்கமாக, தெருமுனையில், கறுப்புக் கண்ணாடியோடு நின்று பார்த்தேன். காற்று அன்றைக்கும் எதிர்முகம்தான். அவர் முகத்தை மூடிக்கொண்டு புகை போயிற்று. கூட்டமே அவரைப் பார்த்து உருகியது. பெண்டாட்டி கண்ணுக்காகத் தீ எடுக்கிற புருஷன் எந்த ஊரில் கிடைப்பான் என்று என் காதுபடப் பேசினார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் அந்தக் கதையைச் சொல்வார்கள். அதற்கு முந்தின வருஷம் அதே தெருவில் நான் நடந்த கதையைச் சொல்ல ஆள் கிடையாது.

சட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து நடக்கிற அத்தை, ஈரத்துணியோடு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"கசக்காதய்யா! கண்ணைத் தொறக்காத! புகை கண்ணுக்கு ஆகாதுய்யா. பச்சத்தண்ணியில கழுவிட்டுச் செத்த நேரம் இருட்டுல படு."

பின்னாலேயே வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். அனல் பட்ட கண் என்றார்கள், பார்த்து என்றார்கள், வெளிச்சத்தில் நிற்க வைக்காதே என்றார்கள்.

அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. மதுரைக்குப் போகாமலே, டாக்டரைப் பார்க்காமலே, புகை கண்ணுக்கு ஆகாது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஊர் ஊராகப் போய்த் தொண்டை வறளச் சொன்னேனே, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. அது என் கண்ணாக இருந்தபோதுதான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவரை உள்ளறையில் படுக்கவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, எல்லோரும் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரத்துணிக்கு அடியிலிருந்து அவர் கேட்டார்.

"ஒனக்கும் இப்படித்தான் எரிஞ்சுச்சா சிவகாமி?"

"ஒங்களுக்கு எரியிறது நல்ல கண்ணுங்க" என்றேன். "எனக்கு எரிஞ்சது அறுத்த கண்ணு."

அவர் துணியை எடுக்கவில்லை.